இடுப்பளவும் உணவுக் கணக்கும்

வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்வது வசதி படைத்தோரின் குறை என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. 2019-21-இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வோ, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 24 விழுக்காட்டினர் மிகை எடை கொண்டிருப்பதைக் காட்டிற்று. இந்தியரைப் பொறுத்தவரை இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்னும் வரம்பைக் கடந்தால் நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வாய்ப்பு மிகுகிறது.

குறை உணவின் அளவில் மட்டுமன்று, அதன் சேர்க்கையிலும் உள்ளது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, அன்றாட ஆற்றலில் 50 முதல் 70 விழுக்காடு தானியங்களிலிருந்தே பெறப்படுகிறது. 45 விழுக்காட்டிற்கு மேற்படாதிருத்தலே ஏற்றது. பருப்பு, மீன், இறைச்சி ஆகியவை 14 விழுக்காடு தர வேண்டிய இடத்தில் 6 முதல் 9 வரையே தருகின்றன. 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு 85 கிராம், எண்ணெய் 27 கிராம், கொட்டைகளும் வித்துக்களும் 35 கிராம் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. நீர்த்த குழம்பை ஊற்றிக்கொண்டு பருப்பு உண்டதாக எண்ணுவோர் 85 கிராமை ஒருமுறை நிறுத்துப் பார்ப்பது நன்று. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி தருவதால், நல்ல எண்ணெயாயினும் அளந்தே ஊற்ற வேண்டும்.

விலையும் இதில் பங்கு கொள்கிறது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னுரிமைக் குடும்பத்தினருக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ தானியம் உறுதி செய்கிறது. நாளொன்றுக்கு இது ஏறத்தாழ 165 கிராம், அதாவது மேற்சொன்ன தானியத் தேவையில் மூன்றில் இரு பங்கு. பருப்பு அச்சட்டத்தில் இடம்பெறவில்லை. சில மாநிலங்கள் தம் செலவில் அதனைச் சலுகை விலைக்கு வழங்குகின்றன. ஏனைய இடங்களில் ஏழைக் குடும்பம் அதனை வெளிச்சந்தை விலைக்கே வாங்க வேண்டியுள்ளது.