தலைப்புச் செய்தியோடு நிறுத்திவிடாதே

கோவில்பட்டி

அன்பு மகளுக்குப் பெரியப்பா எழுதுவது.

க்ளினிக்கில் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது என்று உன் அப்பா சொன்னான், சந்தோஷம். போனில் நீ கேட்டதற்கு வருகிறேன். டாக்டர்கள் வாட்ஸ்அப் குழுவில் புதுச் சட்டம், தடை, சுற்றறிக்கை என்று வந்து குவிகிறது, எதைப் படிப்பது, எதைத் தள்ளுவது என்றாய். குழுவில் வருவதைச் சேதி வந்திருக்கிறது என்ற அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள். உன் மருந்துச் சீட்டை மாற்றக்கூடிய சேதி என்றால் மூல ஆணையைத் தேடிப் படி.

இருமல் சிரப் விவகாரத்தையே எடுத்துக்கொள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராப் பகுதியில் ‘கோல்ட்ரிஃப்’ குடித்து 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்த மாதிரியில் டை எத்திலீன் கிளைகால் 48.6 சதவீதம். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம்தான். பாட்டிலைப் பார்த்து இந்த விஷத்தை எந்த டாக்டராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் நம் கைக்கு எட்டக்கூடிய சேதி ஒன்று அதற்கு முன்பே இருந்தது. குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளிக் கூட்டு மருந்தை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடச் சொல்லி, இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி 2023 டிசம்பரிலேயே எழுதிவிட்டார். கோல்ட்ரிஃப்பிலும் இந்த இரண்டும் உண்டு. அந்தக் கடிதம் போனது மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு. டாக்டரின் மேசைக்கு அதை யாரும் கொண்டுவந்து கொடுக்கவில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் 5 வயதுக்குட்பட்டவர்கள். 2025 அக்டோபரில் மத்திய அரசு மறுபடியும் சொன்னது: 2 வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து எழுதவே கூடாது, 5 வயதுக்குக் கீழே பொதுவாகத் தேவையில்லை. “சிரப் எழுதலையா டாக்டர்?” என்று தாய் கேட்கும்போது, இதை அறிந்தவள் நிதானமாகப் பதில் சொல்வாள். அறியாதவள் மருந்துக் கம்பெனி ரெப் வைத்துவிட்டுப் போன பெயரை எழுதிக் கொடுப்பாள்.

அரைகுறையாகப் படிப்பதிலும் ஆபத்து உண்டு. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2-இல் புது நடத்தை விதிகளை வெளியிட்டது. ஜெனரிக் பெயரில்தான் எழுத வேண்டும், மீறினால் தண்டனை என்று ஊரெல்லாம் பேச்சு. ஆகஸ்ட் 23-இல் அதே ஆணையம் அந்த விதிகளை நிறுத்திவைத்தது. உடனே “ஜெனரிக் விதியே போய்விட்டது” என்றார்கள். அதுவும் தப்பு. புது விதி நின்றதும் 2002-ஆம் ஆண்டு விதிகள் திரும்ப வந்தன. ஜெனரிக் பெயரைத் தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுது என்பது 2016 திருத்தத்திலேயே அதில் சேர்ந்துவிட்டது. ஆகவே ஓர் ஆணை கைக்கு வந்தால் வரைவா, அரசிதழில் வந்ததா, அமலில் இருக்கிறதா, நிறுத்திவைத்திருக்கிறார்களா என்று முதலில் பார். பிறகு அதனால் எது மறுபடி உயிர்பெறுகிறது என்று பார்.

நமக்கு வேண்டிய வரி பல சமயம் தலைப்பில் இருக்காது. கருக்கலைப்புச் சட்டம் பற்றி 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, ‘திருமணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை உரிமை’ என்றே எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. உள்ளே நமக்கென்று ஒன்று இருந்தது. 18 வயது நிரம்பாத பெண் கருக்கலைப்புக்கு வந்தால் போக்சோ சட்டப்படி தகவல் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்லத் தேவையில்லை. போலீஸுக்குப் பயந்து போலி வைத்தியரிடம் ஓடும் பெண்ணை இந்த ஒரு வரி காப்பாற்றும். நீ அவளை அரசு மருத்துவமனைக்கு அனுப்பும்போது இதைச் சொல்லித்தான் தைரியம் கொடுக்க வேண்டும்.

வாரத்தில் ஓர் அரைமணி இதற்கென்று ஒதுக்கு. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, தேசிய மருத்துவ ஆணையம், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் ஆகியவற்றின் தளங்களைப் பார்த்தாலே பெரும்பகுதி கிடைத்துவிடும். ஒரு நோட்டில் மூன்றே விஷயம் எழுது: எது மாறியது, எந்தத் தேதியிலிருந்து, நான் எதை மாற்ற வேண்டும். மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் அந்தச் சேதியை விட்டுவிடு, மனசில் சுமக்காதே. மாறியதைக் கம்பவுண்டருக்கும் நர்ஸுக்கும் அன்றைக்கே சொல்லிவிடு. நீ இல்லாத நேரத்தில் கேள்வி அவர்களிடம்தான் வரும்.

மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் தளத்தில் தரக்குறைவான மருந்துகளின் பட்டியல் மாதாமாதம் வெளியாகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு உன் பக்கத்து மெடிக்கல் ஷாப்காரரோடு உட்கார்ந்து, அலமாரியில் இருக்கும் பாட்டில்களின் பேட்ச் நம்பரை ஒத்துப் பார். ஏதாவது சிக்கினால் விற்பனையை நிறுத்தச் சொல்லிவிட்டு, உங்கள் மாவட்ட மருந்து ஆய்வாளருக்குத் தகவல் கொடு.

அன்புடன்,
பெரியப்பா