தப்பு டையிலயா, பித்தளையிலயா?

போன லீவுல எங்க வீட்டு ஸ்ப்ரேயர் புட்டுக்கிச்சு. பாலக்கோடு பக்கம் தக்காளி போடுற வீட்டுல ஸ்ப்ரேயர் நின்னா பாதி வேலை நின்ன மாதிரி. பார்த்தா, ஹோஸைப் பிடிக்கிற பித்தளை நட்டு நீளவாக்குல விரிஞ்சிருக்கு. "ஸ்பேனர் போட்டு ஓவரா முறுக்கிட்டீங்கப்பா"ன்னேன். "எப்பவும் முறுக்குற அளவுதான்டா முறுக்கினேன்"னார். நான் நம்பல. ஃபைனல் இயர் மெக்கானிக்கல் ஆச்சே!

இதே சண்டை தோட்டா ரீலோடிங்லயும் உண்டு. அமெரிக்கா மாதிரி நாடுகள்ல துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போறவங்க, சுட்டு முடிச்ச பித்தளைக் கூட்டைத் தூக்கிப் போடாம திரும்பப் பயன்படுத்துவாங்க. (நம்ம நாட்டுல லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கிறது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். அதனால இது மெட்டீரியல் பாடம் மட்டும்தான்.) சுடும்போது கூடு விரிஞ்சிடும். அதை பிரஸ்ல வெச்சு, டைக்குள்ள அழுத்தி, பழைய அளவுக்குக் கொண்டு வரணும். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இங்கதான் தலைவலி. கூடு டைக்குள்ள சிக்கிக்கும், இல்லன்னா கழுத்துல விரிசல் விடும். உடனே மெஷினைத் திட்டுவாங்க.

சிக்கிக்கிறதுக்குப் பெரும்பாலும் லூப்ரிகேஷன் குறைவுதான் காரணம். டை மேல சந்தேகம் இருந்தா கூட்டோட மேல்பரப்பைப் பார்க்கணும். எல்லாக் கூட்டுலயும் ஒரே மாதிரி நீளக் கீறல் இருந்தா, டைக்குள்ள பித்தளைத் துகளோ மண்ணோ ஒட்டியிருக்கு. கீறலே இல்லாம விரிசல் மட்டும் இருந்தா, பித்தளையை விசாரிக்கணும். அதே டையில ஒரு புதுக் கூட்டைப் போட்டுப் பார்த்தா இன்னும் தெளிவாகும்.

பித்தளை ரெண்டு விதமா உடையும். ஒண்ணு நமக்குத் தெரிஞ்ச வொர்க் ஹார்டனிங். ஒவ்வொரு தடவை விரிஞ்சு சுருங்கும்போதும் கழுத்து இறுகிக்கிட்டே போய், ஒருநாள் பிளந்துடும். அதுக்குத்தான் கழுத்தை மட்டும் சூடாக்கி அனீல் பண்றாங்க.

ரெண்டாவது விதத்துக்குப் பேரு சீசன் கிராக்கிங். அந்தப் பேருல இருக்கிற சீசன் நம்ம நாட்டு மழைக்காலம். 19ஆம் நூற்றாண்டுல இங்க இருந்த பிரிட்டிஷ் ராணுவம், மழைக்காலத்துல தோட்டாக்களைக் குதிரை லாயங்கள்ல அடுக்கி வெச்சிருக்காங்க. மழை விட்டு எடுத்துப் பார்த்தா கூடுகள்ல விரிசல். யாரும் சுடல, யாரும் டையில அழுத்தல, வெச்ச இடத்துலயே விரிஞ்சிருக்கு! காரணத்தை 1921ல மூர், பெக்கின்சேல், மல்லின்சன்னு மூணு பேர் விளக்கினாங்க. குதிரை மூத்திரத்துல இருந்து வந்த அம்மோனியாதான் வில்லன்.

கூட்டுப் பித்தளையில 70 சதவீதம் தாமிரம், 30 சதவீதம் துத்தநாகம். தகட்டை டீப் டிராயிங் பண்ணிக் கூடாக்கும்போது உள்ளுக்குள்ள இழுவிசை தங்கிடும், ரெசிடுவல் ஸ்ட்ரெஸ். பிளஸ் டூ சால்ட் அனாலிசிஸ்ல தாமிரக் கரைசல்ல அம்மோனியா விட்டதும் கருநீலமா மாறுமே, ஞாபகம் இருக்கா? தாமிரத்தை அம்மோனியா அப்படிக் கவ்விப் பிடிக்கும். ஈரமும் சேர்ந்தா, கிரெயின் எல்லைகளை அரிக்க ஆரம்பிக்கும். உள்ள இருக்கிற இழுவிசை அந்த இடத்தைப் பிளந்துக்கிட்டே போகும். பித்தளை, இழுவிசை, அம்மோனியா, மூணும் ஒண்ணு சேரணும். ஒண்ணு இல்லன்னாலும் விரிசல் இல்ல. அதனாலதான் ஃபேக்டரியில சுமார் 250 டிகிரியில சூடுபண்ணி அந்த ஸ்ட்ரெஸ்ஸை இறக்குறாங்க. அம்மோனியா கலந்த கிளீனர் போட்டுக் கூட்டைக் கழுவக் கூடாதுன்னு சொல்றதும் இதனாலதான்.

இதை செமஸ்டர்ல படிச்சு, பரீட்சையும் எழுதி, மறந்தும் போயிட்டேன். நட்டைத் திரும்பக் கையில எடுத்தப்பதான் உறைச்சது. விரிசலோட ஓரம் மெலியல, நசுங்கல. சுத்தி நீலம் கலந்த பச்சைக் கறை. ஸ்ப்ரேயர் வருஷக்கணக்கா மாட்டுக் கொட்டகையிலதான் தொங்குது. கீழ கோமியம், பக்கத்துல வாய் திறந்த யூரியா மூட்டை. முறுக்கி வெச்ச நட்டுல இழுவிசை எப்பவும் இருக்கும். அப்பா முறுக்கினதும் ஒரு காரணம்தான், ஆனா அவர் சொன்ன மாதிரி எப்பவும் முறுக்குற அளவுக்கே அது விரிஞ்சிருக்கும்.

புது நட்டு மாட்டி, ஸ்ப்ரேயரைத் திண்ணைக்கு மாத்தியாச்சு. ஏன் மாத்தினேன்னு அப்பா கேட்டார். குதிரை லாயத்துல ஆரம்பிச்சு முழுக் கதையும் சொன்னேன். "அப்ப நான் ஓவரா முறுக்கல"ன்னார்.