உயர்தர வகுப்பின் இறுதி ஆண்டு

பிள்ளை பன்னிரண்டாந் தரத்தை முடித்துப் பதின்மூன்றாந் தரத்திற்குப் போகும்போதே வீட்டில் பரபரப்புத் தொடங்கிவிடுகிறது. எந்த ரியூட்டரி, எந்த ஆசிரியர், எத்தனை வகுப்பு என்பதே பேச்சு. ஆனால் க.பொ.த. உயர்தரப் பரீட்சை மண்டபத்தில் பிள்ளை என்ன செய்யவேண்டும் என்று முதலிற் கேட்போமாயின், வீட்டில் எதைப் பழகவேண்டும் என்பது தானே விளங்கும்.

பௌதிகவியலை எடுத்துக்கொள்வோம். முதலாம் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினாக்கள். நேரம் 2 மணித்தியாலம். ஒரு வினாவுக்குக் கிடைப்பது 2 நிமிடம் 24 செக்கன். இரண்டாம் வினாத்தாளுக்கு 3 மணித்தியாலம். நான்கு அமைப்புக் கட்டுரை வினாக்களோடு, கட்டுரை வினாக்கள் ஆறினுள் நான்கிற்கும் விடை எழுதவேண்டும். ஒரு வினாவுக்கு ஏறக்குறைய 22 நிமிடம். அங்கே பாடத்தைக் கேட்டு விளங்கியிருந்தால் மட்டும் போதாது. நேரத்துள் எழுதி முடிக்கவும் தெரியவேண்டும். எனவே இறுதி ஆண்டு, எழுதிப் பழகும் ஆண்டாக அமைய வேண்டும்.

இதற்கு மூன்று காரியங்கள் அவசியம்.

1. பழைய பாக்கியைத் தீர்த்தல்: வினாத்தாள் இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் வரும். பௌதிகவியலிற் பொறியியல், இரசாயனவியலில் அணுக்கட்டமைப்பு ஆகியன பன்னிரண்டாந் தரத்துப் பாடங்களே. விளங்காமல் விட்ட அலகுகளை ஒரு தாளிற் குறித்து, வாரத்திற்கு ஒன்றாக முடியுங்கள்.

2. கடிகாரம் வைத்து எழுதுதல்: கடந்தகால வினாத்தாள் ஒன்றைக் கொப்பியைப் பாராமல் எழுதுங்கள். பின்னர் பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித் திட்டத்தோடு ஒப்பிட்டு நீங்களே திருத்துங்கள். எந்தப் படியில் புள்ளி போனது என்பதைக் குறித்துவையுங்கள். அடுத்த வாரத்து வேலை அதுவே.

3. தனியே படிக்கும் நேரம்: காலையிற் பாடசாலை, மாலையில் ரியூசன், இரவில் களைப்பு என்றிருந்தால் எழுதுவது எப்போது? ஒரு வகுப்பிற் கேட்டதைத் தாமே செய்துபார்க்க நேரமில்லையெனின், இன்னொரு வகுப்பைச் சேர்ப்பதாற் பயனில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு உங்கள் பிள்ளையை ஒப்பிடாதீர்கள். மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்கு 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் தகுதியின்படியும், 55 வீதமானவை மாவட்ட அடிப்படையிலும், 5 வீதமானவை கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. ஒரே இசட் புள்ளி பெற்ற இருவருள் ஒருவர் தம் மாவட்டத்தின் காரணமாக அனுமதி பெற, மற்றவர் பெறாமற் போகலாம். வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளை சோம்பேறியுமல்லன், மூடனுமல்லன்.

பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவை தோற்றலாம். கல்வியியற் கல்லூரி, உயர் தொழில்நுட்ப நிறுவனம், திறந்த பல்கலைக்கழகம் என வேறு வாசல்களும் உண்டு. இவற்றைப் பெறுபேறு வந்த அன்று, கண்ணீரின் நடுவே சொல்வதிலும், ஆண்டின் தொடக்கத்திலேயே அமைதியாகச் சொல்லிவையுங்கள். ஒரே வாசல்தான் என்று அஞ்சும் பிள்ளையின் கை, தெரிந்த விடையையும் எழுதத் தயங்கும். அப்பயத்தை நீக்குவது எந்த ரியூட்டரியாலும் ஆகாது. அது வீட்டாரின் கடமை.