மகசூல் கணக்கைக் கணினியில் ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை

உழவர் குழுவின் மகசூல், மழையளவு, மண் பரிசோதனை விவரங்களைத் தொகுத்துச் சராசரி காண 'ஆர்' என்னும் புள்ளியியல் மென்பொருளைப் பயன்படுத்தலாம். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவான இந்த மென்பொருளுக்கு விலை கிடையாது.

விவரங்கள் 'எக்ஸ்.எம்.எல்.' கோப்பாகக் கிடைத்தால், ஒவ்வொரு விவரத்தையும் ஒட்டி அதன் பெயர்ச்சீட்டு இருக்கும். ஆனால் அது எண்ணா, எழுத்தா, தேதியா என்பதைச் சீட்டு தானாகச் சொல்லாது. ஆகவே கோப்பை ஏற்றும்போதே ஒவ்வொரு பத்திக்கும் இனம் குறிப்பிட வேண்டும்.

குறிப்பிடாவிட்டால் எல்லாப் பத்திகளும் எழுத்தாகவே வந்து சேரும். 2020-இல் 4.0.0 பதிப்பு வருமுன் இதைவிடப் பெரிய சிக்கல் இருந்தது. எழுத்துப் பத்திகளை வகை பிரித்து, வகைக்கு ஒரு வரிசை எண் கொடுப்பது அன்றைய வழக்கம். மூன்று விவசாயிகளின் விளைச்சல் 18, 21, 9 மூட்டை என்று வைத்துக்கொள்வோம். எழுத்து வரிசைப்படி இவை 1, 2, 3 ஆகிவிடும். அதை அப்படியே எண்ணாக மாற்றினால் சராசரி 16 மூட்டைக்குப் பதில் 2 மூட்டை என்று வரும். கணினி எச்சரிக்கையும் தராது. பழைய பதிப்பு வைத்திருப்போர் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

இனம் பிரிக்கும் முறை:

1. எண்: விளைச்சல், பரப்பு, மழையளவு ஆகியவை. இவற்றில் எண் மட்டுமே இருக்க வேண்டும். '12 மூட்டை' என்றோ, காற்புள்ளியிட்டு '1,250' என்றோ இருந்தால், எண்ணாக மாற்றும்போது அந்த இடம் காலியாகிவிடும். மழை பெய்யாத நாளுக்கு 0 போட வேண்டும். அளக்காத நாளை வெற்றாக விட வேண்டும்.

2. எழுத்து: சர்வே எண், வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண் ஆகியவை. இவற்றைக் கூட்டிக் கழிக்கப் போவதில்லை. எண்ணாக ஏற்றினால் 12/2 என்ற சர்வே எண் காலியாகும். 0045 என்பது 45 ஆகும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட கணக்கு எண்ணில் கடைசி இலக்கங்கள் மாறிவிடலாம். அந்தப் பட்டியலை வைத்துப் பணம் அனுப்பினால் உரியவருக்குப் போய்ச் சேராது.

3. தேதி: முதலில் எழுத்தாக ஏற்றி, பிறகு நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையைச் சொல்லி மாற்றுவது நல்லது. சொல்லாமல் மாற்றினால் 05-06-2024 என்பது கி.பி. 5-ஆம் ஆண்டு ஜூன் 20 ஆகிவிடும்.

'எக்ஸ்.எம்.எல். டு டேட்டா பிரேம்' என்ற கட்டளையுடன் 'கோல் கிளாசஸ்' என்ற பகுதியைச் சேர்த்து, பத்தி வரிசைப்படி இனங்களை எழுத வேண்டும். எல்லா விவசாயிகளின் பதிவிலும் விவரங்கள் ஒரே வரிசையில் இருப்பது முக்கியம். முன்பின்னாக இருந்தால் இனமும் இடம் மாறி விழும்.

ஏற்றி முடித்ததும் 'எஸ்.டி.ஆர்.' கட்டளை கொடுத்தால் ஒவ்வொரு பத்தியின் இனமும் தெரியும். ஐந்தாறு பதிவுகளைக் கைக்கணக்குடன் ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே சராசரி காண வேண்டும். அடுத்த போகத்துக்கு உரம், விதை அளவு முடிவு செய்வது இந்தக் கணக்கை வைத்துத்தான் என்பதால், இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது.