நீல ஒளியும் கண்ணின் உயிரணுக்களும்

அரிக்கேன் விளக்கு மறைந்து, குண்டு விளக்கும் குழல் விளக்கும் அருகி, இன்று நம் கிராமத் தெருக்களில் எல்.இ.டி. விளக்குகள் வெண்ணொளி வீசுகின்றன. வீடுதோறும் கைப்பேசித் திரை ஒளிர்கின்றது. இவற்றினின்று வரும் நீல ஒளி கண்ணைக் கெடுத்துவிடும் என்ற அச்சமும் உடன் பரவியுள்ளது. அந்த அச்சத்தையே முதலாகக் கொண்டு நீலத்தைத் தடுக்கும் கண்ணாடிகளை விற்போரும் உளர். நீல ஒளி கண்ணின் உயிரணுக்களுக்குக் கேடு செய்ய வல்லது என்பது மெய்யே. ஆனால் அக்கேடு நேரும் இடங்கள் பெரும்பாலும் நாம் அஞ்சாத இடங்கள். ஆதலின் இதனைச் சற்று விரிவாக ஆராய்தல் பயனுடையது.

ஒளி அலைகளாகப் பரவுகின்றது. அலையின் நீளத்தை நானோமீட்டரில் அளப்பர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டராகும். நம் கண்ணுக்குப் புலனாகும் ஒளி ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ளது. அதில் 400 முதல் 500 வரையுள்ள பகுதி ஊதாவும் நீலமும். அலை குறுகக் குறுக, ஒளித் துகள் ஒவ்வொன்றும் சுமக்கும் ஆற்றல் மிகும். 400-க்குக் கீழுள்ள புற ஊதாக் கதிரைக் கருவிழிப் படலமும் வில்லையும் பெரும்பாலும் உறிஞ்சி நிறுத்திவிடுகின்றன. (அதனால் அவை படும் பாடு, அதாவது கண்புரையும் கண்ணில் சதை வளர்தலும், தனியே எழுதத்தக்கவை.) நீல ஒளியோ வில்லையைக் கடந்து உட்சென்று விழித்திரையை அடைகின்றது.

விழித்திரையில் கோல் வடிவான உயிரணுக்கள் சுமார் 12 கோடியும், கூம்பு வடிவானவை சுமார் 60 இலட்சமும் உள்ளன. கோல் உயிரணுவின் நுனியில் தட்டுகளை அடுக்கினாற்போன்ற ஓர் அமைப்பு உண்டு. ஒளியை ஏற்பது அதுவே. அது அடியிற் புதிதாக வளர்ந்துகொண்டேயிருக்க, நுனியிலிருந்து நாள்தோறும் பத்தில் ஒரு பங்களவு உதிர்கின்றது. உதிர்ந்ததை விழுங்கிச் செரிப்பதற்கென்றே பின்புறத்தில் நிறமி உயிரணுக்கள் ஒரே அடுக்காக அமைந்துள்ளன. நெல் அடித்த களத்தில் சேரும் பதரையும் கூளத்தையும் அன்றன்றே அகற்றும் ஆட்களைப் போன்றவை இவை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. களத்தில் ஓர் ஆள் ஓய்ந்தால் மற்றோர் ஆள் வருவார். இறந்த நிறமி உயிரணுவின் இடத்திற்குப் புதியது பெரும்பாலும் வருவதில்லை.

ஆண்டுகள் செல்லச் செல்ல, செரியாத கழிவு இவ்வுயிரணுக்களுக்குள் மஞ்சள் நிறத் துணுக்குகளாகத் தேங்குகின்றது. லிப்போஃபுசின் எனப்படும் இக்கழிவின்மீது நீல ஒளி படும்பொழுது, வீறுமிக்க ஆக்சிஜன் கூறுகள் பிறக்கின்றன. அவை உயிரணுவின் சவ்விலுள்ள கொழுப்பைத் தாக்குகின்றன. எண்ணெயை வெயிலில் வைத்தால் சிக்கு வாடை அடிக்கின்றதன்றோ? ஏறத்தாழ அதே மாற்றந்தான் இங்கும் நிகழ்கின்றது. நிறமி உயிரணு மடிந்தால், அதனை நம்பியிருந்த கோலும் கூம்பும் பின்னர் மடிகின்றன.

1966-இல் அமெரிக்க விஞ்ஞானி நோயல், சாதாரண விளக்கொளியில் இடைவிடாது வைத்த எலிகளின் விழித்திரை அழிவதைக் கண்டார். 1976-இல் ஹாம் என்பவரும் அவருடைய துணைவர்களும் குரங்குகளிடம் வெவ்வேறு நிற ஒளிகளைச் செலுத்திச் சோதித்தனர். அலை குறுகுந்தோறும் மிகக் குறைந்த ஒளியே கேடு விளைவிக்கப் போதுமானதாயிற்று. 441 நானோமீட்டர் நீலமே அவர்கள் சோதித்தவற்றுள் கொடியது. எனினும் எலி இரவில் திரியும் பிராணி; நாமோ பகலில் வாழ்பவர்கள். எலிச் சோதனையை அப்படியே மனிதனுக்குப் பொருத்துவது தவறாகும்.

அங்ஙனமாயின் வெயிலில் உழைக்கும் மனிதருக்கு நேர்வது என்ன? 1992-இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் தொழில் செய்யும் 838 மீனவர்களைப் பற்றியது. விழித்திரையின் நடுப்பகுதி முதுமையில் கடுமையாகச் சிதைந்தோர், முந்தைய 20 ஆண்டுகளில் மற்றவரினும் மிகுதியான நீல ஒளிக்கு ஆட்பட்டிருந்தனர். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை. அவற்றுள் 2008-இல் ஐரோப்பாவில் வெளியானது நம் கவனத்திற்கு உரியது: வெயிலொளி மட்டும் தனித்துக் கேடு செய்ததாகத் தெரியவில்லை, காய்கறி, பழம் முதலியவற்றால் கிடைக்கும் காப்புச் சத்துக்கள் இரத்தத்தில் குறைந்தோரிடமே நோய்க்கும் ஒளிக்கும் தொடர்பு காணப்பட்டது.

இதற்குக் காரணமும் விளங்குகின்றது. விழித்திரையின் நடுவே மஞ்சள் நிறப் பொருளொன்று பரவி, நீல ஒளியை வடிகட்டுகின்றது. லூட்டீன், சியாசாந்தின் என்னும் இப்பொருள்களை நம் உடல் ஆக்கிக்கொள்ளாது, உணவினின்றே பெறவேண்டும். முருங்கைக் கீரையிலும் மற்றக் கீரைகளிலும் லூட்டீன் நிறைய உள்ளது. வேலியோரத்து முருங்கையை ஒடித்துச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் வெறும் சோறும் குழம்புமாக உண்ணும் பழக்கம் நம்மிடையே உண்டு, அது மாறவேண்டும். வயலுக்குச் செல்வோர் நெற்றிக்கு நிழல் தரும் விளிம்புள்ள தொப்பி அணிதலும் நன்று. வெறும் தலைப்பாகை கண்ணுக்கு நிழல் தராது.

உடனடிக் கேடு இருவகையில் வருகின்றது. முதலாவது, சூரியனை நேரே நோக்குதல். விழித்திரையில் வலியுணர்த்தும் நரம்பு இல்லை. எனவே உயிரணுக்கள் மடியும்பொழுது யாதொரு வேதனையும் தோன்றாது. சில மணி நேரங்கழித்தே பார்வையின் நடுவில் கறை தெரியும். சிலருக்குத் திங்கள் சிலவற்றில் பார்வை ஓரளவு மீளும், சிலருக்கு மீளாது. 2019 டிசம்பர் 26-இல் வளையச் சூரிய கிரகணம் நம் மாநிலத்தின் வழியே சென்றது. 2031 மே 21-இலும் அவ்வாறே தென் பகுதியில் காணப்படவுள்ளது. எக்ஸ்-ரே படலம், புகையேற்றிய கண்ணாடி, மஞ்சள் கரைத்த நீர் ஆகிய எவையும் தக்க காப்பல்ல. அட்டையில் ஊசித் துளையிட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, தரையிலோ சுவரிலோ விழும் உருவத்தைப் பார்ப்பதே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றது.

இரண்டாவது, வெல்டிங் பட்டறை. தெருவோரத்தில் இரும்புக் கதவு பற்றவைக்கும்பொழுது பிள்ளைகள் கூடிநின்று பார்ப்பதை எங்கும் காணலாம். அச்சுடரின் புற ஊதாக் கதிர் கருவிழிப் படலத்தைத் தாக்குவதால், அன்றிரவு கண்ணில் மணல் விழுந்தாற்போல் வலியுண்டாகும். ஓரிரு நாளில் ஆறும். வலி ஆறியதும் தீங்கும் தீர்ந்ததென நினைக்கின்றனர். அதே சுடரின் நீல ஒளி வலியின்றி விழித்திரையிற் செய்தது தீராமலும் இருக்கலாம். பட்டறையின் முன்புறம் தடுப்பு வைக்கச் சொல்வதும், கறுப்புக் கண்ணாடியின்றி வேலை செய்யும் உதவியாளைக் கண்டிப்பதும் பஞ்சாயத்து உறுப்பினர்களால் இயலாதவையல்ல.

கைப்பேசித் திரையின் நீல ஒளியோ, பகல் வானத்தை நோக்குகையில் கண்ணுட் புகும் நீலத்தினும் மிகச் சிறிதே. விழித்திரையை எரிக்கும் அளவினதன்று. நெடுநேரம் பார்ப்பதால் கண் களைப்பது, பெரும்பாலும் இமை கொட்டுவது குறைவதாலும் அருகிலேயே நோக்குவதாலும் ஆகும். 17 சோதனைகளைத் தொகுத்து 2023-இல் வெளியான காக்ரேன் ஆய்வு, நீலந்தடுக்கும் கண்ணாடியால் இக்களைப்பு குறைவதாகத் தெரியவில்லை என்றது. அதற்குச் செலவிடும் பணத்தை வீட்டுப் பெரியவர்களின் கண்புரைச் சோதனைக்குச் செலவிடலாம்.

ஆயினும் இரவில் திரை பார்ப்பது குற்றமற்றதன்று. விழித்திரையில் கோலும் கூம்புமல்லாத மூன்றாம் வகை உயிரணு ஒன்று ஒளியை உணர்கின்றது என்பது 2002-இல் தெளிவாயிற்று. 480 நானோமீட்டரையொட்டிய நீலத்திற்கே அது மிகவும் இணங்குகின்றது. உருவங்களைக் காட்டுவது அதன் முதன்மை வேலையன்று; பொழுது பகலா இரவா என்று மூளைக்கு உரைப்பதே அது ஆற்றும் பணி. இரவில் நீல ஒளி பட்டால், இன்னும் பகலே என அது அறிவிக்க, உறக்கத்தைத் தரும் மெலட்டோனின் சுரப்பது தள்ளிப்போகின்றது.

தெரு விளக்கு வாங்கும்பொழுதும் இதனை நினைவிற் கொள்ளவேண்டும். வெண்ணிற எல்.இ.டி. என்பது உண்மையில் 450 நானோமீட்டரையொட்டிய நீல விளக்கு. மேலே பூசிய மஞ்சள் ஒளிர்பொருளால் வெண்மையாகத் தோன்றுகின்றது. எவ்வளவு நீலம் எஞ்சியுள்ளது என்பதை விளக்குப் பெட்டியிலுள்ள கெல்வின் எண்ணால் ஒருவாறு அறியலாம். 6500 எனின் நீலம் மிகுதி. 3000 எனின் குறைவு, இளமஞ்சள் ஒளி. அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-இல் தெருக்களுக்கு 3000-க்கு மேற்படாத விளக்குகளையே பரிந்துரைத்தது. தெரு விளக்கால் எவர் விழித்திரையும் கெடப்போவதில்லை. ஆனால் சன்னலுக்கு நேரே எரியும் நீலவெண் விளக்கு உறக்கத்தைக் கெடுக்கும். கண்புரையுள்ள முதியோருக்குக் கூச்சம் தந்து பள்ளத்தை மறைக்கும். பூச்சிகளையும் மிகுதியாக ஈர்க்கும். எனவே விலைப்புள்ளி கேட்கும்பொழுது வாட் அளவோடு கெல்வின் அளவையும் குறிப்பிடுக. ஒளி கீழ்நோக்கி மட்டும் விழுமாறு மூடியுள்ளதா என்றும் கேட்டு வாங்குக.