விண்ணப்பத்தில் செய்கை பேசட்டும்

உத்தியோகம் தேடுவோரிடமிருந்து இம்மாதம் வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை ரெஸ்யூம் எழுதும் முறையைப் பற்றியே அமைந்திருந்தமையால், அவற்றுள் ஐந்தைத் தெரிந்தெடுத்து இங்கே விடை கூறியிருக்கிறேன்.

கேள்வி: நான் பி.காம். பட்டதாரி. 2017ஆம் ஆண்டு விருதுநகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்து மூன்றாண்டுகள் பணிபுரிந்தேன். அதன்பின் குழந்தைகளை வளர்ப்பதில் காலம் கழிந்தது. இப்போது கோயம்புத்தூருக்குக் குடிவந்து, கணக்காளர் வேலைக்குப் பல கம்பெனிகளுக்கு ரெஸ்யூம் அனுப்பியும் ஒருவரும் அழைக்கவில்லை. பிரதி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். குறை எங்கே என்று சொல்வீர்களா?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: சகோதரி, உங்கள் ரெஸ்யூமை நிதானமாக இருமுறை படித்தேன். படித்தபோது எனக்கு வருத்தமே மேலிட்டது; ஏனெனில் உங்களிடம் தகுதி இருக்கிறது, ஆனால் அது காகிதத்தில் ஏறவில்லை. சவால் நிறைந்த சூழலில் என் திறமையை வளர்த்து நிறுவனத்தின் முன்னேற்றத்துக்குப் பாடுபடுவேன் என்ற லட்சிய வாசகமும், கடின உழைப்பாளி, நேர்மையானவர், எளிதில் பழகுபவர் என்ற குணவிசேஷங்களும் முதல் பக்கத்தின் மேற்பாதியை நிறைத்திருக்க, மூன்றாண்டுகள் நீங்கள் செய்த வேலையோ இரண்டாம் பக்கத்தின் அடியில், 'கணக்கு உதவியாளர், ஆடிட்டர் அலுவலகம்' என்ற ஒற்றை வரிக்குள் ஒடுங்கிவிட்டது.

விண்ணப்பங்கள் குவிந்து கிடக்க, அன்றாட அலுவல்களுக்கு இடையே அவற்றைப் புரட்டிப் பார்க்கும் நிர்வாகி, தம் அலுவலகத்தில் தேங்கிக் கிடக்கும் வேலையை இவர் எடுத்து நடத்துவாரா என்ற ஒரே வினாவுக்கு விடை தேடித்தான் கண்ணை ஓட்டுகிறார். நற்குணங்களை எல்லோரும் எழுதுகிறார்கள். ஆகையால் அவ்வரிகள் ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்துக் காட்டும் சக்தியை இழந்துவிட்டன. செய்த காரியமோ செய்தவருக்கு மட்டுமே உரியது. அதைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

நீங்கள் பணியில் சேர்ந்த ஆண்டைச் சற்று நினைத்துப் பாருங்கள். 2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி அமலுக்கு வந்து, வாட், மத்திய கலால், சேவை வரி என்று பழகிப்போன ஏற்பாடுகள் மாறி, வியாபாரிகள் பில் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆடிட்டர் அலுவலகங்களின் வாசலில் காத்துநின்ற காலத்தில், அந்த மாற்றத்தின் நடுவே உட்கார்ந்து வேலை பார்த்தவர் நீங்கள். அந்த அனுபவம் அற்பமானதன்று. ஆகவே அந்த ஒற்றை வரியை எடுத்துவிட்டு இவ்வாறு விரித்தெழுதுங்கள்: எண்ணெய், பருப்பு, வற்றல் வியாபாரிகள் இத்தனை பேரின் கொள்முதல், விற்பனைக் கணக்குகளை டாலியில் பதிந்தேன்; மாதந்தோறும் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி ஆகிய படிவங்களைத் தாக்கல் செய்தேன்; காலாண்டுதோறும் டிடிஎஸ் ரிட்டர்ன் தயாரித்தேன்; வங்கிக் கணக்கைப் பேரேட்டோடு ஒத்துப் பார்த்து வித்தியாசங்களைத் தீர்த்தேன். இவற்றுள் நீங்கள் உண்மையிலேயே செய்தவற்றை மட்டும் எழுதி, எண்ணிக்கையை உங்கள் நினைவிலிருந்து இட்டு நிரப்புங்கள். நீங்களே முழுமையாகச் செய்ததையும் பிறருக்கு உதவியாக இருந்து செய்ததையும் வேறுபடுத்திக் காட்டுவது, உங்கள் எழுத்தின்மேல் நிர்வாகிக்கு நம்பிக்கை பிறக்க வழிசெய்யும்.

வேலைக்குப் போகாதிருந்த ஆண்டுகளைப் பற்றி நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று குறித்து, 'குழந்தை வளர்ப்பு' என்று ஒரே வரியில் எழுதிவிடுங்கள். மன்னிப்புக் கோரும் தொனியும் வேண்டாம், நீண்ட விளக்கமும் வேண்டாம். அந்த இடைவெளியைக் காணும் நிர்வாகியின் மனத்தில் எழும் சந்தேகமெல்லாம், இவர் அறிந்த விஷயம் இன்றைய நடைமுறைக்குப் பொருந்துமா என்பதே. நீங்கள் விலகிய பின் பல விதிகள் மாறியிருக்கின்றன. உள்ளீட்டு வரி வரவைச் சரிபார்க்க ஜிஎஸ்டிஆர்-2பி என்ற அறிக்கை 2020இல் வந்தது. பெருநிறுவனங்களுக்கு மட்டும் 2020 அக்டோபரில் தொடங்கிய இ-இன்வாய்ஸ் முறை, படிப்படியாக விரிந்து, 2023 ஆகஸ்டு 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கும் கட்டாயமாயிற்று. இவற்றைக் கற்றுக்கொண்டு, இயன்றால் தெரிந்த கடைக்காரர் ஒருவரின் கணக்கைச் சில மாதங்கள் எழுதிப் பழகி, அதனையும் ரெஸ்யூமில் சேர்த்துவிட்டால், அந்தச் சந்தேகம் கேட்கப்படுவதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

ஒரே பிரதியை எல்லாக் கம்பெனிகளுக்கும் அனுப்புவதையும் இன்றோடு நிறுத்துங்கள். கோயம்புத்தூரில் பம்புசெட் தொழிற்சாலையின் கணக்கு வேறு, நூற்பாலையின் கணக்கு வேறு. உதிரிபாகங்களை வெளிப் பட்டறைகளுக்கு ஜாப் ஒர்க்குக்கு அனுப்பித் திரும்பப் பெறும் தொழிற்சாலைக்கு, டெலிவரி சலானும் இ-வே பில்லும் தெரிந்தவர் வேண்டும். அத்தகைய இடத்துக்கு எழுதும்போது அவ்விஷயத்தில் உங்களுக்குள்ள பழக்கம் முதல் வரியில் வரவேண்டும். விளம்பரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அது கேட்கும் ஒவ்வொரு காரியத்துக்கும் உங்கள் அனுபவத்தில் எது விடையோ அதை மேலே கொண்டுவாருங்கள். இதற்கு அரைமணி நேரம் கூடுதலாகச் செலவாகும். அந்த அரைமணி வீண்போகாது.

கேள்வி: மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருக்கிறேன். முன் அனுபவம் ஏதும் இல்லை. விடுமுறை நாட்களில் மாமாவின் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வேலை பார்த்தேன். அதற்குச் சர்டிபிகேட் கிடையாது. என் ரெஸ்யூமில் எதை எழுதுவது?
— ஒரு மாணவர், துவாக்குடி

பதில்: தம்பி, அனுபவம் இல்லை என்று முதல் வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே உன் அனுபவத்தைச் சொல்லியிருக்கிறாய். 1965ஆம் ஆண்டு திருச்சியில் அமைந்த பெல் கொதிகலன் தொழிற்சாலையைச் சார்ந்து உன் ஊரில் வளர்ந்திருக்கும் பட்டறைகள், எத்தனையோ வாலிபர்கள் தொழில் கற்ற இடங்களாகும். சொந்தக்காரரின் பட்டறை என்பதனாலோ சம்பளம் வாங்கவில்லை என்பதனாலோ அங்கே செய்த வேலை வேலையல்லாமல் போய்விடாது. டிராயிங்கைப் பார்த்துத் தகட்டில் மார்க்கிங் செய்தாயா, கேஸ் கட்டிங் செய்தாயா, எந்த வகை வெல்டிங் பழகினாய், எந்தக் கனமுள்ள தகட்டில் பழகினாய் என்பவற்றை ஒவ்வொன்றாக எழுது. 45 பாகை சாய்வில் அசையாது பொருத்திய குழாயைச் சுற்றிப் பற்றவைக்கும் 6ஜி நிலையில் பயிற்சி செய்திருந்தால் அதைக் கட்டாயம் குறிப்பிடு. பயிற்சி மட்டுமே செய்து தேர்வில் தேறவில்லையானால், பயிற்சி என்றே எழுது. வெர்னியரிலும் மைக்ரோமீட்டரிலும் அளக்கத் தெரியும் என்று எழுதினால், மைக்ரோமீட்டரில் 0.01 மில்லிமீட்டர் வரை படித்துக்காட்ட நேர்முகத்தில் சொல்வார்கள் என்பதையும் நினைவில் வை.

இறுதியாண்டு புராஜெக்டைத் தலைப்போடு நிறுத்திவிடுகிறவர்களே மிகுதி. குழுவில் நால்வர் இருந்தால், அவர்களுள் உன் கையால் நடந்தது எது என்பதே கேள்வி. அதற்கு இரண்டு வரி ஒதுக்கு. இன்னொரு வழியும் உண்டு. டிப்ளமோவும் பட்டமும் பெற்றவர்களுக்கு ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சி அளிக்கும் ஏற்பாடு 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் நடைபெறுகிறது. தென் மாநிலங்களுக்கான அதன் பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. அங்கே பதிவுசெய்து ஓராண்டு பயின்றால், உதவித்தொகையும் கிடைக்கும், காட்டுவதற்குச் சான்றிதழும் கிடைக்கும்.

கேள்வி: எங்கள் பகுதியில் ரெஸ்யூம் அடித்துக் கொடுக்கும் கடைகளில் தகப்பனார் பெயர், மதம், சாதி, திருமண நிலை, போட்டோ, 'மேற்கண்டவை யாவும் உண்மை' என்ற உறுதிமொழி எல்லாம் சேர்த்தே தருகிறார்கள். இவை அவசியமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: தனியார் நிறுவனத்துக்கு அனுப்பும் ரெஸ்யூமில் இவற்றுள் ஒன்றும் அவசியமில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம். அரசுத் தேர்வுகளில் இடஒதுக்கீட்டின் பொருட்டுச் சாதிப் பிரிவைக் கேட்பார்கள். அதற்கென்று தனிப் படிவமும் சான்றிதழும் உண்டு, அங்கே ஐயமின்றி நிரப்ப வேண்டும். மற்ற இடங்களில் அது எதற்கு? சுகதேவ் தோரட், பால் அட்டிவெல் என்ற இரு அறிஞர்கள் இந்தியாவில் தனியார் வேலை விளம்பரங்களுக்குத் தகுதியில் ஒத்த விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்து, தலித் பெயரும் முஸ்லிம் பெயரும் தாங்கிய விண்ணப்பங்களுக்கு அழைப்புகள் குறைவாக வந்ததை 2007இல் எகனாமிக் அண்டு பொலிடிகல் வீக்லி பத்திரிகையில் வெளியிட்டார்கள். பெயர் ஒன்றே இத்தனை அநீதிக்கு இடங்கொடுக்குமானால், மதத்தையும் சாதியையும் நாமே வலிய எழுதிக் கொடுப்பது எவ்வளவு விபரீதம் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த அநீதியைக் களைய வேண்டிய கடமை வேலை கொடுப்பவருடையது. அதற்கு இடம் தராதிருக்கும் ஜாக்கிரதை நம்முடையது.

போட்டோ விஷயத்தில் தேசத்துக்குத் தேசம் வழக்கம் வேறுபடும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பாரபட்சத்துக்கு இடமாகும் என்று அதை விரும்புவதில்லை. ஜெர்மனியில் ஒட்டும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. வளைகுடா நாடுகளில் இன்றும் பெரும்பாலும் எதிர்பார்க்கிறார்கள். ஆகவே கேட்டால் வையுங்கள், கேளாவிட்டால் விட்டுவிடுங்கள். ஆதார் எண்ணையும் பாஸ்போர்ட் எண்ணையும் ரெஸ்யூமில் எழுதவே எழுதாதீர்கள். அவை தீயவர் கையில் சேர்ந்தால் உண்டாகும் தொல்லை பெரிது.

தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்கு முன்னும், பட்டச் சான்றிதழில் பின்னும், பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முழுமையாகவும் இருப்பது நம்மிடையே சாதாரணம். சான்றிதழ்களைச் சரிபார்ப்பவர் இதனால் குழம்புவார். ஒரே வடிவத்தைத் தேர்ந்துகொண்டு, ரெஸ்யூமிலும் மின்னஞ்சலிலும் அதையே சீராகப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஒரு கம்பெனியில் நான்கே மாதத்தில் வேலையை விட்டுவிட்டேன். அதை மறைத்து, முந்தைய வேலையின் தேதியை நீட்டி எழுதலாம் என்கிறார்கள் நண்பர்கள். செய்யலாமா?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: செய்யக் கூடாது. தர்மத்தை முன்னிட்டும் கூடாது, விவேகத்தை முன்னிட்டும் கூடாது. 2014 முதல் வருங்கால வைப்புநிதி உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் யுஏஎன் என்ற ஒரே எண் வழங்கப்பட்டு, எத்தனை கம்பெனி மாறினாலும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் அதனடியில் பதிவாகின்றன. புதிய நிறுவனம் அதைக் கேட்டுச் சரிபார்க்கும்போது நீட்டிய தேதி வெளிப்பட்டால், கையில் வந்த வேலையும் போய், நாணயமும் போய்விடும். நான்கு மாதத்தில் விலகியது குற்றமன்று. தேதியை மாற்றுவது குற்றம். உள்ளபடி எழுதி, காரணம் கேட்டால் பழைய முதலாளியைத் தூற்றாமல் இரண்டு வாக்கியத்தில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரெஸ்யூமை இப்போது கம்ப்யூட்டரே படித்துத் தள்ளிவிடுகிறது என்கிறார்களே, உண்மையா? சாட்ஜிபிடியைக் கொண்டு எழுதிக்கொள்ளலாமா?
— ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: பெரிய நிறுவனங்கள் பலவற்றில், விண்ணப்பங்களைச் சேகரித்து வகைப்படுத்தும் மென்பொருள் முதலில் அவற்றை வாசிக்கிறது என்பது மெய்யே. இரண்டு பத்தியாகப் பிரித்த பக்கம், கட்டங்கள், படத்துக்குள் எழுதிய எழுத்து ஆகியவற்றில் அது தடுமாறக் கூடும். உங்கள் பிடிஎஃப் கோப்பிலுள்ள எழுத்து முழுவதையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிகள் ஒழுங்காக, வரிசை மாறாமல் வந்தால் கவலையில்லை. புதியவர்களுக்கு ஒரு பக்கமும், அனுபவமுள்ளவர்களுக்கு இரண்டு பக்கமும் போதும். கோப்புக்கு உங்கள் பெயரையும் பணியின் பெயரையும் இடுங்கள்.

ஆங்கிலப் பிழை திருத்த இயந்திரத்தின் உதவியை நாடுவதில் தவறில்லை. ஆனால் நீங்கள் செய்த வேலை அதற்குத் தெரியாதாகையால், சொல்லாத விஷயத்துக்கு அது அலங்கார வார்த்தைகளையே இட்டு நிரப்பும். முதலில் உங்கள் கையால் எழுதுங்கள். திருத்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடிதம் எழுதிய ஐவருக்கும், எழுத நினைத்து எழுதாதிருப்போருக்கும் நான் விடுக்கும் வேண்டுகோள் இதுவே: உங்கள் உழைப்பைக் குறைத்தும் சொல்லாதீர்கள், கூட்டியும் சொல்லாதீர்கள். ஒரு தாளை எடுத்து, இதுவரை உங்கள் கையால் செய்து முடித்த காரியங்களை ஒவ்வொன்றாக எழுதி, நேரில் கேட்டால் விளக்க முடியாத வரிகளை அடித்துவிட்டு, எஞ்சியவற்றுள் அந்தந்த வேலைக்கு வேண்டியதை மேலே வைத்து அனுப்புங்கள்.