நூறு நாள் கூலி: மனிதக் கோபமும் இறைமன்னிப்பும்

கோபம் தமிழ் மாணவர்களுக்குப் புதிய பாடமன்று. திருக்குறளின் இல்லறவியலில் 'பொறையுடைமை' (அதிகாரம் 16) உண்டு. துறவறவியலில் 'வெகுளாமை' (அதிகாரம் 31) உண்டு. வெகுளாமையைத் தொடங்கும்போதே வள்ளுவர் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டிவிடுகின்றார். கோபம் பலிக்கும் இடத்தில் அதை அடக்குபவனே மெய்யாக அடக்கியவன். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்பது அவர் கேள்வி. நம் தோட்டப்புற வரலாற்றைப் படிப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். நம் பாட்டன்மாரின் கோபம் பெரும்பாலும் பலிக்காத இடத்துக் கோபம். துரையிடம் செல்லாது, கிராணியிடம் செல்லாது, ஜப்பானியனிடம் அறவே செல்லாது. அத்தகைய கோபத்தைப் பற்றிக் கிறிஸ்துவ சமயம் என்ன சொல்கின்றது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

களம் கோல சிலாங்கூரும் அதன் சுற்றுவட்டாரமும்: ஜெராம், ஈஜோக், புக்கிட் ரோத்தான், 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை, வடக்கே சபாக் பெர்ணம் வரையிலான தோட்டங்கள். இங்குள்ள தமிழரில் கிறிஸ்துவர்கள் சிறுபான்மையினர். கத்தோலிக்கர், மெதடிஸ்ட், லுத்தரன் எனப் பல சபையினர். சபை எதுவானாலும் அனைவரும் சொல்லும் ஒரு செபம் உண்டு. இயேசு தம் சீடர்களுக்குக் கற்பித்தது அது. பிறர் நமக்குச் செய்ததை நாம் மன்னிப்பதுபோல் எங்களையும் மன்னியும் என்று அதில் இறைவனிடம் வேண்டப்படுகின்றது. கத்தோலிக்கர் வழங்கும் வடிவில் 'பொறுத்தருளும்' என்ற சொல் வருகின்றது. நம் பொறையுடைமைக்கு உறவான சொல். சீர்திருத்த சபையினரின் விவிலியத்தில், மத்தேயு நற்செய்தியில், 'கடன்' என்ற சொல்லே நிற்கின்றது. கிரேக்க மூலத்திலும் அவ்விடத்தில் இருப்பது கடனைக் குறிக்கும் சொல்தான்.

கடன் என்பது தோட்டத்துக்காரனுக்கு விளக்கம் தேவைப்படாத சொல். கப்பல் ஏறியபோதே கங்காணியிடம் கடன். பின்பு கடைக் கணக்கில் கடன்.

கடனை வைத்து இயேசு சொன்ன கதை ஒன்று மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் உள்ளது. ஓர் அரசனுக்கு அவன் ஊழியன் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். கெஞ்சிக் கேட்டதும் அரசன் முழுவதையும் தள்ளுபடி செய்தான். வெளியே வந்த ஊழியன், தனக்கு நூறு தெனாரியம் தரவேண்டிய சக ஊழியனின் கழுத்தை நெரித்து, அவனைச் சிறையில் போட்டான். செய்தி அரசனுக்கு எட்டியது, தள்ளுபடி ரத்தாயிற்று.

இக்கதையைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு தெனாரியம் என்பது அக்காலத்து ஒரு நாள் கூலி. ஒரு தாலந்துக்கு 6,000 தெனாரியம். ஆகவே பதினாயிரம் தாலந்து என்பது 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் பேர் போட்டாலும் அடைத்து முடிக்க இரண்டு இலட்சம் ஆண்டுகள் ஆகும்! பிரசங்கிகள் பெரும்பாலும் இந்தப் பெருந்தொகையோடு நின்றுவிடுவார்கள். மறுபக்கத்து நூறு தெனாரியத்தை அற்பத் தொகை என்று தள்ளிவிடுவார்கள். அஃது அற்பத் தொகையா? 1941-இல் சிலாங்கூர் இரப்பர் தோட்டங்களில் இந்திய ஆண் தொழிலாளியின் நாட்கூலி ஐம்பது காசு அளவில் இருந்தது. நூறு நாள் கூலி என்றால் ஐம்பது வெள்ளி. நான்கு மாதம் விடியற்காலையில் இருட்டில் எழுந்து பால்மரம் வெட்டிய உழைப்பு அது. அதை இழந்தவனுக்குக் கோபம் வந்தால் அதில் வியப்பில்லை. உனக்கு இழைக்கப்பட்ட தீங்கு சிறிது, ஆகவே மன்னித்துவிடு என்று இயேசு சொல்லவில்லை என்பதே இக்கதையின் மையம் என்பது என் கருத்து. தீங்கு மெய்யானது, தொகையும் மெய்யானது. அதைவிடப் பெரிய தள்ளுபடி ஒன்றை நீ பெற்றிருக்கிறாய் என்பதே அவர் நினைவூட்டுவது.

கோபம் பாவமா?

கோபமே பாவம் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். விவிலியம் அப்படிச் சொல்லவில்லை. கோபம் கொள்ளலாம், ஆனால் அது பாவத்தில் முடியக்கூடாது, பொழுது சாயும்வரை நீடிக்கவும் கூடாது என்பதே பவுல் எபேசியருக்கு எழுதிய அறிவுரை. ஓய்வுநாளில் ஒருவனைக் குணமாக்குவதா என்று முகம் சுளித்தவர்களை இயேசு கோபத்துடன் நோக்கினார் என்று மாற்கு எழுதுகின்றார்; அவர்களுடைய நெஞ்சின் கடினத்தைக் கண்டு வருந்தினார் என்பதையும் அதே வரியில் சேர்க்கின்றார். கோபமும் வருத்தமும் ஒன்றாக வருவது கவனிக்கத்தக்கது.

இன்னும் பொருத்தமான சான்று நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரம். ஏழைகள் வரி கட்டவும் தானியம் வாங்கவும் தம் வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் அடகு வைத்தனர். பிள்ளைகளை அடிமைகளாக விட்டனர். முறையீட்டைக் கேட்ட நெகேமியா மிகுந்த கோபம் கொண்டார். ஆனால் உடனே பாயவில்லை; தமக்குள் ஆலோசித்தார். பிறகு பெருந்தனக்காரர்களைச் சபை நடுவே நிறுத்தி, நிலத்தையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்க வைத்தார்.

1941-இல் கிள்ளானை மையமாகக் கொண்டு சிலாங்கூர்த் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம். கோரிக்கைகள் கூலி உயர்வு மட்டுமல்ல. வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. எவ்வளவு சிறிய செயல், எவ்வளவு பெரிய அவமானம்! அவ்வாண்டு மே மாதத்தில் தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தனர். அந்தக் கோபத்தைப் பாவம் என்று கூற எந்தக் கிறிஸ்துவனுக்கும் விவிலியத்தில் ஆதாரம் இல்லை.

சயாமும் நினிவேயும்

மிகக் கடினமான கேள்வி அடுத்த ஆண்டிலிருந்து தொடங்குகின்றது. 1942 ஜனவரி 2-இல் ஜப்பானியர் கோல சிலாங்கூர்க் கரையில் இறங்க முயன்று பீரங்கிச் சூட்டால் பின்வாங்கினர். இரண்டொரு நாளில் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்திலேயே சண்டை நடந்தது. ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. இரப்பர் ஏற்றுமதி நின்றது. மரம் வெட்டியவர்களுக்கு வேலை இல்லை. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட ஆள் தேடியவர்களுக்குத் தோட்டத்து லயங்கள் எளிதில் அகப்பட்டன. முதலில் நல்ல கூலி, சில மாத வேலை என்ற வாக்குறுதி; பிறகு பலவந்தம். மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர். பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போர்க்கைதிகளில் சுமார் 12,500 பேரும், ஆசியத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 90,000 பேரும் காலரா, மலேரியா, பட்டினி, அடி ஆகியவற்றால் மாண்டனர் என்பது மதிப்பீடு. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் நம் நூலகங்களில் உள்ளன. படிக்காதவர்கள் படிக்க வேண்டும்.

தகப்பன் சயாமுக்குப் போய்த் திரும்பாத ஒரு பிள்ளையிடம், கடவுள் ஜப்பானியரையும் மன்னிப்பார் என்று சொன்னால் எப்படி இருக்கும்? விவிலியத்தில் இதே நிலையில் நின்றவர் ஒருவர் இருக்கின்றார். அவர் யோனா.

யோனாவை மீன் விழுங்கிய கதை எல்லாருக்கும் தெரியும். கதையின் உயிர் மீனில் இல்லை. நான்காம் அதிகாரத்தில் இருக்கின்றது. நினிவே அசீரியர்களின் மாநகர். கி.மு. 722-ஐ ஒட்டி வடநாட்டு இஸ்ரயேலை அழித்து மக்களை நாடு கடத்தியவர்கள் அசீரியர்கள். அந்த நினிவே மனந்திரும்புகின்றது. கடவுள் தண்டனையைக் கைவிடுகின்றார். யோனாவுக்குக் கடுங்கோபம். நீர் இரக்கமுள்ளவர் என்று தெரிந்துதான் நான் ஓடிப்போனேன் என்று கடவுளிடமே குறைப்பட்டுக்கொள்கின்றார். சாவதே மேல் என்கின்றார். ஊருக்கு வெளியே குடிசை போட்டு அமர்ந்தவருக்கு நிழலாக ஒரு செடி முளைக்கின்றது. தமிழ் விவிலியத்தில் அது ஆமணக்கு. நமக்குத் தெரிந்த செடிதான். மறுநாள் பூச்சி அரித்து அது பட்டுப்போக, யோனா அதற்கும் கோபப்படுகின்றார். ஒரு செடிக்காக நீ வருந்தும்போது, வலக்கை இடக்கை அறியாத இலட்சத்து இருபதாயிரம் பேரும் அத்தனை கால்நடைகளும் உள்ள நகருக்காக நான் வருந்தக்கூடாதா என்று கடவுள் கேட்கின்றார். அத்துடன் நூல் முடிந்துவிடுகின்றது. யோனா என்ன மறுமொழி சொன்னார் என்று எழுதப்படவில்லை.

கடவுள் யோனாவின் கோபத்தைக் கண்டு அவரை அழிக்கவில்லை, விரட்டவில்லை. இவ்வளவு கோபம் சரியா என்று இரண்டு முறை கேட்கின்றார். உட்கார வைத்துப் பேசுகின்றார். ஆகவே துயரப்பட்டவரிடம் போய் முதல் வேளையாக 'மன்னித்துவிடுங்கள்' என்று சொல்லும் போதகரைவிட, கோபத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் போதகரே இறைவனின் வழிக்கு நெருக்கமானவர்.

இழைத்தவனின் பங்கு

மன்னிப்பு என்றால் கணக்கை மூடிவிடுவது என்பது ஒரு தவறான புரிதல். வரி வசூலித்து ஏய்த்த சகேயு இயேசுவைத் தன் வீட்டில் ஏற்றபோது, ஏய்த்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொல்கின்றான். காணிக்கையோடு பீடத்துக்கு வந்தவனுக்குச் சகோதரன் தன்மேல் மனத்தாங்கலாய் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாக வேண்டும் என்பது மலைப்பொழிவுப் போதனை. இறைவன் மன்னிப்பதற்கு முன் இழைத்தவனைப் பாதிக்கப்பட்டவனின் வாசலுக்குத் திருப்பி அனுப்புகின்றார்.

அந்த வாசலுக்குச் சென்ற ஒருவர் நாகாசே தகாஷி. இரயில் பாதையில் ஜப்பானிய இராணுவத்தின் மொழிபெயர்ப்பாளர். இரகசிய வானொலி வைத்திருந்ததற்காக 1943-இல் சித்திரவதை செய்யப்பட்ட எரிக் லோமாக்ஸ் என்ற பிரிட்டிஷ் கைதியின் விசாரணையில் உடனிருந்தவர். லோமாக்ஸ் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு அந்த முகத்தை வெறுத்தார். நாகாசே போருக்குப் பின் காஞ்சனாபுரிக்குப் பலமுறை சென்று பரிகாரப் பணிகள் செய்தார். 1993-இல் இருவரும் அங்கே சந்தித்தனர். பின்னர் ஜப்பானில் லோமாக்ஸ் எழுத்து மூலமாகவே மன்னிப்பை வழங்கினார். நாகாசே பௌத்தர் என்பதையும், லோமாக்ஸ் அதனைச் சமய வெற்றியாகப் பறைசாற்றவில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

லோமாக்ஸ் தம் நூறு தெனாரியத்தைத் தாமே தள்ளுபடி செய்தார். தமிழர் தரப்பில் அப்படிச் செய்யத் தகுதியுள்ளவர்களில் பெரும்பாலோர் காட்டிலேயே கிடந்தனர். காஞ்சனாபுரியில் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. தமிழர்களுக்கு அப்படி இல்லை. 1967-இல் ஜப்பான் மலேசியாவுக்கு 2.5 கோடி வெள்ளி பெறுமான உதவி வழங்க உடன்பட்டது. மக்கள் அதை 'இரத்தக் கடன்' என்றே பேசினர். மறுபடியும் கடன் என்ற சொல்! அஃது அரசுக்கும் அரசுக்கும் இடையிலான தீர்வு. லயத்து வாசலுக்கு எவரும் வரவில்லை. இறந்தவர்களுக்காகப் பிறர் மன்னிக்க முடியுமா என்ற கேள்விக்குக் கிறிஸ்துவ மரபு தயங்கித்தான் பதில் சொல்கின்றது: பழிவாங்குவதை இறைவனிடம் விட்டுவிடலாம், அதைப் பவுல் உரோமையருக்குச் சொல்கின்றார், ஆனால் செத்தவனின் கையெழுத்தை நாம் போட முடியாது.

இன்றைய கணக்குகளும் உண்டு. பெஸ்தாரி ஜெயா வட்டாரத்து ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தன. அவர்களிடம் பொறுமையைப் பிரசங்கிப்பவர் நெகேமியா ஐந்தையும் சேர்த்து வாசிக்கட்டும்.

காஞ்சனாபுரியின் வாட் தாவோர்ன் விகாரையில் பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளர்களின் எச்சங்கள் புதைக்கப்பட்டுள்ளன. 2023-இல் மலேசியத் தமிழர்களின் முயற்சியால் அவ்விடத்தில் ஒரு நடுகல் நாட்டப்பட்டது. இறந்து எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு, நம் மரபின்படி அவர்களுக்குக் கிடைத்த கல் அது.